வீட்டிலேயே லீவு எடுத்தவர்

அக்காவின் கணவர் ஹயர் வேன் ஓட்டினார். வருஷம் முழுக்க அடுத்த குடும்பங்களை ஊர் சுற்றக் கூட்டிப்போவதுதான் தொழில். நுவரெலியா, எல்ல, கதிர்காமம், மடு, நல்லூர்த் திருவிழா என்று அவர் வேன் போகாத இடம் இல்லை. தன் வீட்டு ஆட்களை மட்டும் எங்கேயும் கூட்டிப்போகமாட்டார். ஆகஸ்ட் மாதப் பள்ளிக்கூட லீவில் ஒரு திங்கட்கிழமை வேனைக் கழுவி முற்றத்தில் நிறுத்துவார். கேட்டைப் பூட்டுவார். அடுத்த ஞாயிறு வரை வீட்டிலேயே லீவு.

நான் அவரை அத்தான் என்று கூப்பிட்டேன். எங்கள் வீடு ஹட்டனில். பேராதனையில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை கிடைத்தபோது, கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் அக்கா வீட்டில் வந்து தங்கினேன். ரத்தக் குப்பிகளில் பெயரும் இலக்கமும் ஒட்டுவது என் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை பெயர்கள். முகங்களை நான் பார்ப்பதில்லை. அந்த வீட்டில் ஆறு ஆகஸ்ட் இருந்தேன். அந்த வாரத்தில் எனக்கும் லீவு போடச் சொல்லி அக்கா கேட்பாள். எனக்கும் வேறு போக்கிடம் இல்லாததால் போட்டுவிடுவேன்.

ஆகஸ்ட் என்றால் கண்டியில் பெரஹரா ஊர்வலம். வேன் வைத்திருப்பவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத காலம். அந்த நேரம் பார்த்து இந்த மனுஷன் வேனை நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறாரே என்று மற்ற டிரைவர்கள் பேசிக்கொள்வார்கள். போன் அடித்துக்கொண்டே இருக்கும். “இந்தக் கிழம ஏலாதுங்க, நாங்க லீவுல போயிருக்கோம்” என்று சொல்லி வைத்துவிடுவார். எங்கே போயிருக்கிறார்கள் என்று யாராவது கேட்டால், பக்கத்தில்தான் என்பார்.

முதல் நாள் காலை எல்லோரும் குளித்து நல்ல உடுப்புப் போட வேண்டும். அவரும் ஹயருக்குப் போகும்போது போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொள்வார். முன் ஹோலில் கதிரைகளையெல்லாம் சுவரோரம் தள்ளிவிட்டுப் பாய்களைச் சேர்த்து விரிப்பார். அந்த வாரம் எல்லோருக்கும் அங்கேதான் படுக்கை. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைப்பார். போன்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடுவார். பிறகு பயணிகளிடம் சொல்வதுபோலவே எங்களிடமும், “பாத்ரூம் போறவங்க போயிட்டு வந்துருங்க” என்பார். அதைச் சொல்லும்போது அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் இரண்டும்தான் சிரிக்கும்.

அக்காவுக்கு அந்த வாரம் பகல் சமையல் கிடையாது. பின்பக்கம் மூன்று செங்கல் வைத்து அவரே சமைப்பார். சோறு, பருப்பு, டின் மீன், தேங்காய்ச் சம்பல். தினமும் அதேதான். வாழையிலையில் போட்டு முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிடுவோம். பத்து மணிக்கு ஹோஸ் பைப் குளியல். மூத்தவள் கோபிகா பைப்பைப் பிடிக்க, சின்னவன் சுதன் ஓட, துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து அக்கா தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருப்பாள். மழை வந்தால் கெரம் போர்டை எடுப்போம். இல்லாவிட்டால் நான்கு பேர் உட்கார்ந்து சீட்டில் முந்நூற்றி நாலு விளையாடுவோம். பலாக்கொட்டையைச் சுட்டு உப்புத் தொட்டுத் தின்போம். இவ்வளவுதான். இதில் சொல்லிக்காட்டும்படி ஒன்றுமில்லை. ஆனால் மூன்றாவது நாள் வரும்போது அக்காவின் முகம் கொஞ்சம் இளகியிருக்கும். பிள்ளைகள் ஒன்றையொன்று அடிப்பதை நிறுத்தியிருக்கும். வேலைக்குத் திரும்பும் திங்கட்கிழமை பஸ்ஸில் நிற்கும்போது, எனக்கு எதையோ வைத்துவிட்டு வந்ததுபோல் இருக்கும்.

விளையாடாத நேரத்தில் பிள்ளைகள் அவரிடம் ஊர்களைப் பற்றிக் கேட்பார்கள். சிகிரியா எப்படி இருக்கும் என்று ஒருமுறை சுதன் கேட்டான். வேன் நிறுத்துகிற இடத்தில் பெரிய மரம் ஒன்று இருக்கிறது, குரங்குகள் வரும், கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்றார். மேலே என்ன இருக்கிறது என்று அவன் விடாமல் கேட்டான். மேலே ஏறியதில்லை என்றார். எல்லா ஊரிலும் அவருக்குத் தெரிந்தது வேன் நிறுத்தும் இடமும், சுத்தமான கழிவறையும், நல்ல பிளேன்டீ கிடைக்கும் கடையும்தான்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் தூங்க வேண்டும். இது மட்டும் கட்டளை. ஜன்னல் சீலையை இழுத்துவிடுவார், எங்களைப் படுக்கவைப்பார், பிறகு ஒரு கதிரையை எடுத்துக்கொண்டு போய் முன்வாசலில் போட்டு உட்கார்ந்துவிடுவார். அவர் படுக்கமாட்டார். எனக்குப் பகலில் தூக்கம் வராது. கண்ணைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் அவர் எங்கள் பக்கம் திரும்பி, கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்தபடி இருப்பார். பார்வை ஒரு தலையிலிருந்து அடுத்த தலைக்குப் போகும். கடைசித் தலை வந்ததும் மறுபடி முதலிலிருந்து. முதல் வருஷம் எனக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது. கலியாணமாகாத பெண் படுத்திருக்கும் ஹோலில் இப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்றுகூட நினைத்தேன். அக்காவிடம் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அவர் பார்வை என் மேல் நிற்கும் நேரமும், சுதனின் காலடியில் கிடக்கும் தலகாணி மேல் நிற்கும் நேரமும் ஒன்றாகத்தான் இருந்தது.

கொரோனா வந்து ஊரையே பூட்டியபோது, வீட்டுக்குள் இருந்து என்ன செய்வது என்று எல்லோரும் தவித்தார்கள். எங்கள் வீட்டில் யாரும் தவிக்கவில்லை. பக்கத்து வீடு முஸ்லிம் வீடு. அந்த வீட்டு அம்மாவை நாங்களும் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம்; அவர்கள் பேச்சில் மூத்த சகோதரியைத் தாத்தா என்பார்கள். அவர் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, நீங்கள் நாள் முழுக்க என்னதான் விளையாடுகிறீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். டீசல் எண்ணெய்க்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற வருஷமும் அப்படித்தான். ஊரில் எல்லோருக்கும் லீவு நாசமாய்ப் போனது. எங்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

இரண்டாவது ஆகஸ்டில் ஒரு நாள் பகல் தூக்கத்துக்கு முன்னால் சுதனைக் காணவில்லை. அவனுக்கு எட்டு வயது. அத்தான் சமைத்த சட்டியைக் கழுவிவிட்டு உள்ளே வந்து, பாயைப் பார்த்தார். ஒரு தலை குறைவு. வீட்டுக்குள் போய்ப் பார்த்தார், பின்பக்கம் போய்ப் பார்த்தார். சத்தம் போட்டுக் கூப்பிடவில்லை. வேன் சாவியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். நான் பின்னால் போனேன். வேன் கதவில் சாவியைப் போட முயன்றுகொண்டிருந்தார். சாவி ஓட்டைக்குப் பக்கத்தில் தகரத்தில் பட்டுப் பட்டுக் கீறியது. எத்தனை தடவை என்று தெரியாது. கடைசியில் தாத்தா வீட்டு மதிலுக்கு மேலே சுதனின் தலை தெரிந்தது. வட்டிலப்பம் கொடுத்திருக்கிறார்கள், வாயெல்லாம் கருப்பட்டி.

அத்தான் அவனை அடிக்கவில்லை, ஏசவில்லை. இரண்டு கையாலும் தூக்கி இந்தப் பக்கம் இறக்கிவிட்டு, வாயைக் கழுவிக்கொண்டு போய்ப் படுக்கச் சொன்னார். பிறகு போய்க் கதிரையில் உட்கார்ந்தார். அன்று மாலை வரை எழும்பவில்லை.

அக்கா அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னாள். அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

நான் வருவதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆகஸ்டில், வத்தேகமையிலிருந்து ஒரு குடும்பத்தைக் கிழக்குக் கடற்கரைக்குக் கூட்டிப்போயிருக்கிறார். பதினான்கு பேர். விடியுமுன்பே கிளம்பிய பயணம். அதற்கு முந்தின நாளும் தூரத்து ஹயர் ஒன்று ஓடியிருந்தார், தூக்கமில்லை. பகல் சாப்பாடு முடிந்ததும், நீங்கள் கடலில் குளித்துக்கொண்டிருங்கள், ஐந்து மணிக்கு வந்து கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வேனில் படுத்திருக்கிறார். கண் முழித்தபோது ஐந்தரை தாண்டிவிட்டது. ஓடிப்போய்க் கூப்பிட்டு எல்லோரையும் வேனில் ஏற்றும்போது பதின்மூன்று பேர் இருந்தார்கள். எட்டு வயதுப் பெண்பிள்ளை இல்லை. உடுப்பு மாற்றப் போயிருக்கும் என்று யாரோ சொல்ல, முதலில் அங்கே போய்த் தேடியிருக்கிறார்கள். இருட்டும் நேரத்தில் மீன்பிடிக்கிறவர்கள்தான் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார்கள்.

“இவரக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்லன்னு போலீஸ்லயே சொல்லிட்டாங்க” என்றாள் அக்கா. “இவருதான் தூங்கிட்டேன் தூங்கிட்டேன்னு எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டிருந்தாரு.”

அந்தப் பிள்ளையின் செத்த வீட்டுக்குப் போய், ரோட்டிலேயே நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார். அடுத்த வருஷம் அதே வாரம் வந்தபோது வேனை முற்றத்தில் நிறுத்திவிட்டார். பிள்ளைகளிடம், நாம் வீட்டிலேயே லீவு எடுப்போம் என்றாராம்.

வெங்காயத்தை எடுத்து நானும் உரித்தேன்.

ஐந்தாவது ஆகஸ்டில், லீவின் இரண்டாம் நாள், கேட்டுக்கு வெளியே ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்து நின்றார்கள். நாங்கள் முற்றத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அத்தான் கையைக் கழுவாமலே எழுந்து நின்றார். யாரென்று அக்கா கேட்கவில்லை, அந்தப் பிள்ளையைப் பெற்றவர்கள் என்று எனக்கும் விளங்கிவிட்டது.

அந்த மனிதர் வத்தேகமையில் ஒரு கடையில் கணக்கப்பிள்ளை. மெலிந்த ஆள். கதிரை போட்டும் உட்காரவில்லை. ஆறு வருஷமாக அந்த இடத்துக்குப் போகவில்லை, மனைவி ஒரு தடவை போக வேண்டும் என்கிறாள், வேறு வேனில் போக இஷ்டமில்லை என்று சொன்னார். அந்தப் பெண் எங்கள் இலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அத்தான், “எப்பப் போகணும்?” என்று கேட்டார். நாளைக்கே என்றார் அவர்.

அக்கா என்னைப் பார்த்தாள். பெண் துணை ஒன்று இருந்தால் நல்லது என்று, நானும் கூடப் போவதாக முடிவாயிற்று.

விடியற்காலை வத்தேகமைக்குப் போய் அவர்களை ஏற்றிக்கொண்டு மாத்தளை ரோட்டில் போனோம். நான் முன்சீட்டில். தம்புள்ளையில் பிளேன்டீ குடித்தோம். மொத்தப் பயணத்திலும் ரோடு நன்றாக இருக்கிறது என்று அந்த மனிதர் ஒரு தடவை சொன்னார், ஆமாம் என்றார் அத்தான். அவ்வளவுதான் பேச்சு.

கடற்கரையில் கூட்டம் இருந்தது. லீவுக்கு வந்த பிள்ளைகள் டியூபில் மிதந்துகொண்டிருந்தார்கள். நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தேன். ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன். வெளிச்சத்தில் கண் கூசியது, அவ்வளவே. அந்த மனிதர் ஒரு பை நிறையப் பூக் கொண்டுவந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, கால்சட்டையை மடித்துக்கொண்டு, நேராகத் தண்ணீருக்குப் போனார். அந்தப் பெண் சவுக்கு மரங்களுக்குக் கீழே ஓரிடத்தைத் தேடிப்பார்த்து உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அத்தான் மணலில் கால் வைக்காமல் ரோட்டோரத்திலேயே நின்றார்.

“அண்ணே, இங்க வாங்க” என்று அந்தப் பெண் கூப்பிட்டார்.

அத்தான் வந்து கொஞ்சம் தள்ளி நின்றார்.

“இங்கதான் பாய் போட்டிருந்தோம்.”

“ஆமாம்மா.”

“நீங்க தூங்கிட்டதா போலீஸ்ல சொன்னீங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். என்ட்ட கேட்டப்ப, பிள்ளயப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன், ஒரு நிமிஷம் திரும்புனேன்னு சொன்னேன். அது பொய்ண்ணே. நானும் தூங்கிட்டேன். நீங்க அங்க இருந்து கூப்பிட்ட சத்தத்துலதான் முழிச்சேன். எந்திரிச்சு உக்காந்துக்கிட்டேன். யாரும் பாக்கல.”

அவர் புருஷன் முழங்கால் தண்ணீரில் நின்று பூவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டிருந்தார். அலை அதைத் திருப்பித் திருப்பிக் காலடிக்கே கொண்டுவந்தது.

“அவருக்குத் தெரியாது” என்றார் அந்தப் பெண். “பழி உங்க மேலயே இருக்கட்டும்னு இருந்துட்டேன்.”

அத்தான் அந்தப் பூக்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “நான் அஞ்சு மணிக்கு வர்றேன்னு சொன்னேனேம்மா” என்றார்.

“சொன்னீங்க.”

“வெயில் ஏறுது. தண்ணி குடிங்க” என்று சொல்லி, வேனுக்குப் போய்ப் போத்தலை எடுத்துவந்து கொடுத்தார். அந்தப் பெண் குடித்தார். எனக்கும் கொடுத்தார். நானும் குடித்தேன். யாரும் அழவில்லை. அந்தப் பெண்ணின் கையைப் பிடிக்க வேண்டும் என்று நினைத்தேன். என் கை மணலில் கிடந்தது, எடுக்க முடியவில்லை.

திரும்பும் வழியில் ஹபரணையைத் தாண்டியதும், காட்டோரம் ஒரு மரநிழலில் அத்தான் வேனை நிறுத்தினார். முன்னால் எதுவும் இல்லை, கடையும் இல்லை. “கொஞ்சம் கண்ண மூடுறேன்” என்றார். சீட்டைச் சாய்த்த உடனே தூங்கிப்போனார். வாய் திறந்து, தலை ஒரு பக்கம் விழுந்து, குறட்டை வந்தது. பத்து நிமிஷம் கழித்து அந்த மனிதர் மணியைப் பார்த்தார். எழுப்ப வேண்டாம் என்று அந்தப் பெண் கையால் காட்டினார். ஒன்றரை மணி நேரம் மூன்று பேரும் அசையாமல் இருந்தோம். கண்ணாடியை இறக்கினால் சத்தம் வரும் என்று அதைக்கூடச் செய்யவில்லை. வியர்த்து வழிந்தது.

வத்தேகமையில் அவர்கள் இறங்கும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. உள்ளே வந்து ஏதாவது குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். இன்னொரு நாள் வருவதாகச் சொன்னார் அத்தான். போகவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அந்தப் பெண் சொன்னதை அவர் அக்காவிடம் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. பூப் போட்டோம், வந்தோம் என்று மட்டும் சொன்னேன். அந்த வருஷம் லீவில் மிச்சமிருந்த நான்கு நாளையும் வழக்கம்போலவே கழித்தோம். ஆனால் அவர் வாசலில் கதிரை போடவில்லை. பாயில் எங்களோடு ஓரமாகப் படுத்தார். தூங்கினாரா, சும்மா கிடந்தாரா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது அவர் இல்லை. எனக்குக் கலியாணமாகி வவுனியாவுக்கு வந்த அடுத்த தை மாதம், ஹயர் ஒன்றுக்குக் கிளம்பக் காலையில் சப்பாத்துப் போடக் குனிந்தவர் அப்படியே சரிந்தாராம். செய்தி வந்தபோது சோறு வடித்துக்கொண்டிருந்தேன். வடித்து முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

அதற்கு முந்தின ஆகஸ்ட்தான் நான் அங்கே இருந்த கடைசி லீவு. அந்தத் திங்கட்கிழமை அவர் வேனைக் கழுவினார், ஆனால் கேட்டைப் பூட்டாமல் உள்ளே வந்தார். பாய் விரிக்கப் போன பிள்ளைகளை நிறுத்தினார்.

“இந்தத் தடவ எங்கயாவது போவமா?” என்றார். “எங்கன்னாலும் சரி. நீங்க சொல்லுங்க.”

அக்கா அவரைப் பார்த்தாள். சுதன் கோபிகாவைப் பார்த்தான். கோபிகாவுக்கு அப்போது பதினேழு வயது, ஏ.எல். என்னும் உயர்தர வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் எங்கெங்கோ போய்வந்து போட்டோ காட்டுகிறார்கள் என்று வருஷா வருஷம் அக்காவிடம் முறையிடுகிறவள். அவள் பாயை விடவில்லை.

“வேணாம்பா” என்றாள். “எங்க போனாலும் நீங்க எங்களத்தான் பாத்துக்கிட்டு இருப்பீங்க. இங்கன்னா நீங்களும் தூங்குறீங்க.”

அத்தான் பாயின் மற்ற முனையைப் பிடித்தார். இரண்டு பேருமாக விரித்தார்கள்.

வியாழக்கிழமை பகல் கடும் வெயில். சாப்பிட்டதும் எல்லோரும் படுத்தோம். அத்தான் ஹோலின் நடுவில், சுவர்ப்பக்கம் திரும்பி, ஒரு கையைத் தலைக்குக் கீழே வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் குடிக்க எழுந்து அடுப்படிக்குப் போனேன். பின்கதவால் கோபிகா வந்தாள். முகம் வெயிலில் சிவந்திருந்தது. கையில் உறையில் அடைத்த ஐஸ் பக்கட் ஐந்து.

“சந்திக் கடைக்குப் போயிட்டு வந்தேன் சித்தி” என்றாள் மெதுவாக. “முன்பக்கத்தாலதான் போனேன். அப்பாவத் தாண்டித்தான் போனேன். அவருக்குத் தெரியல.”

சொல்லிவிட்டு அழுவாளோ என்று பார்த்தேன். அழவில்லை. ஐஸ் பக்கட்டின் மூலையைப் பல்லால் கடித்துத் திறந்தாள். அக்காவும் சுதனும் சத்தமில்லாமல் வந்தார்கள். நான்கு பேரும் அடுப்படித் தரையில் உட்கார்ந்து, பேசாமல் உறிஞ்சினோம். அவருடையதைப் பிரிட்ஜில் வைத்தோம்.

நான்கு மணிக்கு மேல் அவர் எழும்பி, கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். கோபிகா எடுத்துக் கொடுத்தாள். எங்கே வாங்கியது, யார் போனது என்று அவர் கேட்கவில்லை. பல் கூசுகிறது, பல் கூசுகிறது என்று சொல்லிக்கொண்டே கதவில் சாய்ந்து நின்று முழுவதையும் தின்று முடித்தார்.